பின்னால் படுத்திருப்பவர் யார்?

எட்டு சனிக்கிழமைகள், காலை பத்து முதல் பன்னிரண்டு வரை இணையவழிப் பயிற்சி, கேமரா முழு நேரமும் இயங்க வேண்டும், முகம் தெரியாதவர்களுக்கு வருகைப் பதிவு கிடையாது என்று சுற்றறிக்கை வந்தபோது டீச்சர் முதலில் யோசித்தது பயிற்சியைப் பற்றி அல்ல. வீட்டில் எந்தச் சுவர் நாலு பேர் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றுதான்.

பயிற்சியின் பெயர் நீளமானது: ‘சமூக அறிவியலில் வினாவழிக் கற்றலும் வகுப்பறைத் தொழில்நுட்பமும்’. டீச்சர் ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் சமூக அறிவியல் நடத்துகிறவர். பதினெட்டு வருஷமாகக் கேள்வியையும் அவரே சொல்லி, பதிலையும் அவரே சொல்லி, பிள்ளைகள் எழுதி முடித்ததும் அடுத்த பாடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். இதில் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

வீட்டில் இரண்டு அறை, ஒரு ஹால். ஒரு அறையில் மகள் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கதவில் விரல் பட்டாலே உள்ளேயிருந்து “அம்மா, ப்ளீஸ்” என்று வரும். இன்னொரு அறையில் வைஃபை எட்டாது. எட்டினாலும் அவசர விருந்தாளி மாதிரி வரும், உட்காராமலே கிளம்பிவிடும். மிச்சம் ஹால்தான். ஹாலில் சாப்பாட்டு மேஜை, அதன் மேல் லேப்டாப். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் குளியலறைக் கதவு தெரியும். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஜன்னலும், ஜன்னலுக்குக் கீழே மடக்குக் கட்டிலும், கட்டிலில் டீச்சரின் கொழுந்தனும் தெரிவார்கள்.

கொழுந்தனுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்குப் படுத்தால் மூன்று மணி வரை தூக்கம். மற்ற நாட்களில் டீச்சரின் மகள் பள்ளிக்கூடம் போனதும் அவளுடைய அறையில் படுத்துக்கொள்வார். சனிக்கிழமை அவள் வீட்டிலிருப்பாள், அதனால் ஹாலுக்கு வந்துவிடுவார். நாலு வருஷமாக இதுதான் ஏற்பாடு. அதிகம் பேசமாட்டார். கல்யாணப் பேச்சை எடுத்தால் “பாக்கலாம் அண்ணி” என்பார். பார்க்கமாட்டார்.

தூங்குகிற மனிதரை ஊருக்குக் காட்டுவானேன் என்று முதல் சனிக்கிழமை டீச்சர் குளியலறைக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பயிற்றுநர் ‘வகுப்பறையில் எதிர்பாராமல் நடப்பவற்றை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது’ என்று விளக்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. டீச்சரின் கணவர் இடுப்பில் துண்டோடு, ஏதோ ஒரு ராகத்தை முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தார். திரையில் நாற்பது முகங்களைப் பார்த்தார். ராகத்தை நிறுத்தாமலே பின்பக்கமாக நடந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு மணிக்கு உள்ளேயிருந்து “முடிஞ்சுதா?” என்று குரல் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் இடம் மாறினார். தூங்குகிறவருக்கு வகுப்புச் சத்தம் கேட்காமலிருக்கக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டார். மகள் இரண்டு நிமிஷம் ஒதுக்கி வந்து, பின்னணியில் புத்தக அலமாரி படம் வருகிற மாதிரி செய்து கொடுத்துவிட்டுப் போனாள். வகுப்பு தொடங்கியதும் கணினி, ஹாலில் இருந்தவர்களில் யார் மனிதர், யார் பின்னணி என்று தானாக ஒரு முடிவுக்கு வந்தது. டீச்சரின் முகத்தின் மேல் தடித்தடியான புத்தகங்கள் வந்து நின்றன. அலமாரிக்கு முன்னால் கொழுந்தன் தெளிவாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

“மேடம், உங்களைக் காணோம்,” என்றார் பயிற்றுநர்.

டீச்சர் அலமாரியை எடுத்துவிட்டார். படுத்திருப்பவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆசிரியர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள்.

பயிற்றுநர் இளைஞர். யார் எதைச் சொன்னாலும் “அருமை” என்பார். யாரோ ஒருவர் மைக்கை அணைக்க மறந்து வீட்டில் யாரையோ வாய்க்கு வந்தபடி திட்டியபோதும் “அருமை, மைக்கை மட்டும் அணைச்சுக்கோங்க” என்றார். அருமை சார் என்றே அவருக்குப் பெயராகிவிட்டது. மற்றவர்களுக்கும் சொந்தப் பெயர் வாய்க்கவில்லை. யார் யாருடைய போனிலிருந்தோ வந்ததால் கட்டத்துக்கு அடியில் ‘குட்டிமா’, ‘ஆபீஸ் 2’ என்றெல்லாம் இருந்தது. ஒரு கட்டத்தில் ‘அப்பா’ என்று இருந்தது. அதில் சுழலும் மின்விசிறியும், கீழே இருட்டில் அரை நெற்றியும் தெரியும். நெற்றியும் முகத்தில் சேர்த்திதான் என்று வருகைப் பதிவு கொடுத்துவந்தார்கள். அப்பா ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. சொல்ல வேண்டியதைத் தட்டச்சு செய்வார். அப்பா சார் என்று மற்றவர்கள் மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

மூன்றாம் சனிக்கிழமைதான் வினை வந்தது.

அன்றைக்குப் பாடம், ஒரு படத்தைச் சான்றாக வைத்து விசாரிப்பது. கண்ணுக்குத் தெரிவதை முதலில் எழுத வேண்டும். அதிலிருந்து ஊகிப்பதைத் தனியாக எழுத வேண்டும். இரண்டையும் குழப்பக் கூடாது. கடைசியில், இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று கேள்வி எழுத வேண்டும். இதற்காக அருமை சார் பழைய சந்தைத் தெரு படம் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். படம் வரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டீச்சர் வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. டீச்சர் மைக்கை அணைத்துவிட்டு அடுப்படிக்கு எழுந்து போனார். அவர் தலை விலகியதும் கட்டில் முழுசாகத் தெரிந்தது.

“படம் எதுவா இருந்தா என்ன?” என்றார் அருமை சார். “இங்க திரையில தெரியற எதையாவது எடுத்துக்குவோம்.”

கையில் கரண்டியோடு டீச்சர் திரும்பி வந்தபோது அவருடைய ஹால் திரை முழுக்கப் பெரிதாகியிருந்தது. பக்கத்தில் எல்லாரும் சேர்ந்து எழுதும் பலகை. தெரிவது: ஒரு ஆண், கழுத்து வரை போர்வை, வெளியே நீட்டிய ஒரு கால், அந்தக் காலில் மட்டும் சாக்ஸ், கட்டிலுக்கு அடியில் தண்ணீர் பாட்டில். ஊகிப்பது: தீராத நோய், வேலை போய்விட்டது, மனக்கவலை, மேடத்தின் கணவர். அதற்குக் கீழே வேறொருவர், கணவர் இல்லை, கணவரைத்தான் முதல் வாரமே பார்த்துவிட்டோமே என்று எழுதியிருந்தார். கேள்விகள்: ஏன் ஒரு காலில் மட்டும் சாக்ஸ்? மேடத்தின் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறதா? உயிரோடு இருக்கிறாரா?

கடைசி வரி அப்பாவுடையது. ‘வெயில் நேராக அவர் மேல் விழுகிறது. அந்த ஜன்னலுக்குத் திரைச்சீலை போடலாமே?’ வெளிச்சம் கேமராவுக்கு இடைஞ்சல் என்று சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டீச்சர் மைக்கைத் திறந்தார்.

“சார், அது என் கொழு...”

“மேடம், மேடம்! சொல்லிடாதீங்க!” அருமை சார் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “பதிலைச் சொல்லிட்டா விசாரணை அதோட செத்துப்போயிடும். இவ்வளவு பேர் இவ்வளவு ஆர்வமா எழுதி நான் பார்த்ததே இல்லை. கடைசி வகுப்பு வரைக்கும் இது அப்படியே இருக்கட்டும். இதுதான் நம்ம மையக் கேள்வி. சம்மதமா?”

டீச்சர் சம்மதித்தார். பதினெட்டு வருஷத்தில் தனக்குத் தெரிந்த ஒரு பதிலுக்காக நாற்பது பேர் காத்திருப்பது அவருக்குப் புதிது. அதுவும் வகுப்பெடுக்கிறவர்கள்.

கொழுந்தனிடம் அன்றைக்கே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தார். மூன்று மணிக்கு அவர் எழுந்து, முகம் கழுவிக்கொண்டு வந்து, “கிளாஸ் எப்படிப் போச்சு அண்ணி?” என்று கேட்டார்.

“நல்லா போச்சு தம்பி. எல்லாரும் ரொம்ப ஆர்வமா கலந்துக்கிட்டாங்க,” என்றார் டீச்சர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு புதுக் கருவியைச் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாக் கருவியும் கொழுந்தன் மேலேயே பிரயோகமானது. இணையக் கருத்துக்கணிப்பு நடத்தியதில் பாதிக்கு மேல் நோய் என்று வாக்களித்தார்கள். எல்லாரும் எழுதிய சொற்களைப் பொறுக்கி, அதிகம் வந்ததைப் பெரிதாகக் காட்டுகிற ஒரு படம் போட்டார்கள். அதில் நடுவில் ‘பாவம்’ என்று பூசணிக்காய் அளவுக்கு வந்தது. அடுத்த பெரிய சொல் ‘சாக்ஸ்’. காலவரிசை தயாரிக்கும் கருவியில் அவர் எப்போது புரண்டார், எப்போது முழங்கையால் முகத்தை மூடினார் என்று குறித்தார்கள். முகத்தை மூடுவது அவமானத்தின் அடையாளம் என்று ஒருவர் எழுதினார். நாலு பேர் அதை ஆமோதித்தார்கள். பத்து மணி வகுப்புக்கு ஒன்பதே முக்காலுக்கே ஆள் வந்துவிட்டது. இந்தப் பிரிவில் மட்டும் யாரும் விடுப்பு எடுப்பதில்லை என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. ஒரு நாள் போர்வை நழுவிக் கிடந்ததைப் பார்த்து டீச்சர் இழுத்துப் போர்த்தப் போனார். பிறகு, சான்றில் கை வைக்கக் கூடாது என்று அருமை சார் சொன்னது ஞாபகம் வந்து அப்படியே விட்டுவிட்டார்.

ஆறாவது வாரம் கொழுந்தனுக்கு ஷிப்ட் முடிய நேரமாகிவிட்டது. வகுப்பு தொடங்கியபோது கட்டில் காலி.

‘கட்டிலைக் கவனியுங்கள்’ என்று யாரோ எழுதினார். ‘ஐயோ’ என்று எழுதினார் இன்னொருவர். அதற்கப்புறம் பாடம் ஓடவில்லை. பத்தரைக்குக் கொழுந்தன் வாசல் வழியாக உள்ளே வந்து, கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்க, முழங்கை வளைவில் ஒட்டிய சின்னப் பஞ்சோடு, திரையின் குறுக்காக மெல்ல நடந்து போய்க் கட்டிலில் விழுந்தார். பரிசோதனைக் கூடத்தில் புதுக் கருவி ஒன்றைச் சரிபார்க்க அவருடைய ரத்தத்தையே எடுத்திருந்தார்கள். அது யாருக்குத் தெரியும்? ‘ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியது உறுதி. ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள்’ என்று பலகையில் பதிவானது. ஊகம் என்ற பகுதியில் இருந்ததைத் தெரிவது என்ற பகுதிக்கு நகர்த்தினார்கள்.

பலகையில் இருந்தது பலகையோடு நிற்கவில்லை. அந்தப் பயிற்சியில் இருந்த பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர், டீச்சரின் தலைமை ஆசிரியையைப் பார்த்தபோது, உங்கள் பள்ளி மேடம் வீட்டில் இவ்வளவு கஷ்டத்தை வைத்துக்கொண்டு வெளியே காட்டிக்கொள்ளாமல் சிரித்த முகமாக இருக்கிறாரே என்று கண்கலங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்து சாயங்காலம் தலைமை ஆசிரியை ஒரு பை நிறைய ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்து மணியடித்தார்.

கதவைத் திறந்தது கொழுந்தன். வேலைக்குக் கிளம்பி, தேய்த்த சட்டையும் வாரிய தலையுமாக நின்றார்.

“டீச்சர் இருக்காங்களா?”

“கடைக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க. உள்ள வாங்க மேடம்.”

தலைமை ஆசிரியை குரலைத் தணித்துக்கொண்டார். “பேஷன்ட் எப்படி இருக்கார்?”

ஆஸ்பத்திரியில் வேலை என்பதால் கொழுந்தனைப் பார்க்கிறவர்கள் பாதிப் பேர் இதைத்தான் கேட்பார்கள். “எந்த வார்டு மேடம்?”

“வார்டுல சேர்த்தாச்சா!” தலைமை ஆசிரியை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “வீட்டுலதான் வச்சுப் பாத்துக்கறாங்கன்னு சொன்னாங்களே. இதோ, இந்த ஜன்னலுக்குக் கீழ...”

ஜன்னலுக்குக் கீழே ஒன்றுமில்லை. வார நாள் என்பதால் மடக்குக் கட்டில் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. போர்வை அதன் மேல் நாலாக மடித்துக் கிடந்தது. தலைமை ஆசிரியை அந்தப் போர்வையைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

“எப்போ?” என்றார்.

“எது மேடம்?”

“யாருமே சொல்லலையே. ஸ்கூலுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“யாருக்கு மேடம்?”

காய்கறிக் கூடையோடு உள்ளே வந்த டீச்சர் பார்த்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த தலைமை ஆசிரியையையும், அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த கொழுந்தனையும், பழப் பையையும்தான். ஊகிக்க ஒன்றும் பாக்கியில்லை.

விளக்கிச் சொல்ல நேரம் பிடித்தது. தலைமை ஆசிரியை முழுவதையும் கேட்டார். இறந்தவர் எதிரில் நிற்கிறார் என்பதில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அழுத அழுகையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார். கொண்டுவந்த பழத்தைத் திருப்பி எடுத்துப் போவது நன்றாக இருக்காது என்று வைத்துவிட்டுப் போனார்.

கொழுந்தன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வரக் கொஞ்சம் தாமதமாகும் என்றார். அப்படி அவர் சொல்லி டீச்சர் கேட்டதில்லை.

“அந்தப் பலகையைக் காட்டுங்க அண்ணி.”

டீச்சர் லேப்டாப்பைத் திறந்து கொடுத்தார். கொழுந்தன் நின்றபடியே, பரிசோதனை அறிக்கையைப் படிக்கிற மாதிரி மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தார். கருத்துக்கணிப்பைப் பார்த்தார். நடுவில் ‘பாவம்’ எழுதிய படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் டீச்சருக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அண்ணி,” என்றார்.

“கேக்கணும்னுதான் தம்பி இருந்தேன். ஒவ்வொரு வாரமும். அப்புறம்...” எல்லாரும் தன்னைக் கவனித்தது பிடித்திருந்தது என்பதை எப்படிச் சொல்வது? “தப்புதான்,” என்றார்.

கொழுந்தன் கேள்விகளின் கடைசி வரிக்கு வந்திருந்தார். அதை இரண்டு தடவை படித்தார்.

“இந்த அப்பா யாரு?”

“யாரோ ஒரு பெரியவர். பேசவே மாட்டார். கேமராவுல வெளிச்சம் அடிக்குதுன்னு குறைப்படறார்.”

“கேமராவுக்குச் சொல்லலை அண்ணி. எனக்குச் சொல்றார்.”

டீச்சர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். தினமும் அதன் கம்பியைத் துடைக்கிறவர் அவர்தான். கிழக்குப் பார்த்த ஜன்னல். பத்து மணிக்கு மேல் அங்கே எப்படி வெயில் விழும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஊறுகாய் ஜாடியை அங்கேதான் வைப்பார்.

“சனிக்கிழமைன்னா பத்தரைக்கே முழிப்பு வந்துடும்,” என்றார் கொழுந்தன். “கண்ணை மூடிட்டுச் சும்மா படுத்திருப்பேன்.”

“நாலு வருஷமாவா? சொல்லியிருக்கலாமே தம்பி!”

“உங்க வீடு அண்ணி. அதுல நான் என்ன சொல்றது?”

அதை அவர் குத்திக் காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. மணி என்ன என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார். பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். டீச்சர் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

மறுநாள் டீச்சரின் கணவர் ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் துளை போட்டார்.

“இத்தனை வருஷமா அவன் ஒண்ணுமே சொல்லலையே,” என்றார்.

“நாம கேக்கலையே,” என்றார் டீச்சர்.

“கேக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

டீச்சர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரைச்சீலை வாங்கிய கடையில் அளவு கேட்டபோது உத்தேசமாகச் சொல்லிவிட்டதால் கீழே ஒரு சாண் குறைந்தது. பழைய புடவை ஒன்றைக் கிழித்து ஒட்டுப் போட்டார்.

ஏழாவது சனிக்கிழமை திரைச்சீலை போட்ட ஹால் இருட்டாக இருந்தது. சான்று சரியாகத் தெரியவில்லை என்று புகார் வந்தது. கடைசி வகுப்பில் தெரியும் என்று மட்டும் டீச்சர் சொன்னார்.

கடைசி வகுப்பன்று கொழுந்தன் வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டுப் படுக்கவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்து டீச்சரின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். டீச்சர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். கொழுந்தனுக்குக் கண் சிவந்திருந்தது. திரையில் நாற்பது கட்டங்களும் அமைதியாகிவிட்டன. இத்தனை வாரமாகத் தங்களுக்கு மிகவும் வேண்டிய ஒருவர் திடீரென்று நேராக உட்கார்ந்து தங்களையே பார்த்தால் யாருக்கும் வாய் வராது.

“வணக்கம்,” என்றார் கொழுந்தன். “கேள்வியெல்லாம் படிச்சேன். பதில் சொல்லிடறேன்.”

“அருமை,” என்றார் அருமை சார்.

“உயிரோட இருக்கேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லை. ஆஸ்பத்திரி லேப்ல நைட் ஷிப்ட். வேலை போகலை. சம்பளம் வருது, மாசாமாசம் அண்ணிகிட்ட கொடுத்துடறேன். கவலை எல்லாருக்கும் இருக்கற அளவுக்கு இருக்கு. சாக்ஸ், இன்னொண்ணைக் காணோம். தேடிட்டிருக்கேன்.”

யாரோ ஒருவர் சிரித்து, உடனே மைக்கை அணைத்துக்கொண்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் எழுதினார். அதைப் பார்த்து வரிசையாகப் பலர் எழுதினார்கள். கொழுந்தன் அதைப் படித்துவிட்டு, பரவாயில்லை என்கிற மாதிரி கையை அசைத்தார்.

“ஒரே ஒருத்தருக்கு நன்றி சொல்லணும். அப்பா சார் இருக்காரா?”

மின்விசிறி சுற்றிய கட்டத்தில் நெற்றி ஒரு தரம் அசைந்தது.

“ஐயா, நீங்க மட்டும்தான் எனக்கு என்ன ஆச்சுன்னு கேக்கலை. வெயில் படுதேன்னு எழுதியிருந்தீங்க. திரைச்சீலை போட்டாச்சு. போன வாரம்தான் சனிக்கிழமையில மூணு மணி வரைக்கும் தூங்கினேன். ரொம்ப நன்றி ஐயா.”

மைக் திறக்கிற சத்தம் கேட்டது. பின்னால் எங்கோ தொலைக்காட்சிச் செய்தி அலறிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு பெண் குரல் வந்தது.

“ஐயா இல்லைங்க. இது அப்பாவோட போன். நான் ஆறாம் கிளாஸுக்குப் புவியியல் எடுக்கறேன். வீட்டுல டிவி சத்தம், அதான் பேசறதில்லை.” கொஞ்சம் நிறுத்தி, “நல்லா தூங்கினீங்களா?” என்று கேட்டது.

“நல்லா தூங்கினேங்க,” என்றார் கொழுந்தன்.

இத்தனை வாரம் ஓயாமல் எழுதிய நாற்பது பேரும் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. “பதிவாகிட்டிருக்கு,” என்றார் அருமை சார் கடைசியில். “நிறுத்தணும்னா நிறுத்திடறேன்.”

டீச்சருக்குச் சான்றிதழ் வந்தது. திருப்திகரம் என்று போட்டிருந்தது. இறுதிச் செயல்திட்டம் ஒப்படைக்காததால் அதற்கு மேல் போட முடியவில்லை என்று குறிப்பும் இருந்தது. அதே வாரத்தில் கொழுந்தன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“அந்தக் குரூப்ல அவங்க நம்பர் இருக்குமா அண்ணி? நன்றி சொல்லத்தான்.”

“அன்னைக்கே சொல்லிட்டீங்களே.”

“ஐயான்னு சொல்லிட்டேன். திருத்தணும்.”

டீச்சர் நம்பரை எடுத்துக் கொடுத்தார். அது யாருடைய போன் என்பது இருவருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. கொழுந்தன் ஒரு மணி நேரம் யோசித்து, ‘வணக்கம். அன்று உங்களை ஐயா என்று அழைத்துவிட்டேன். நீங்கள் ஐயா அல்ல என்று பிறகுதான் தெரிந்தது. மன்னிக்கவும்’ என்று அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. ‘நான் ஐயாதான். நீங்கள் யார்?’

இப்படித் தொடங்கியதால் ஒளிவுமறைவுக்கு வழியே இல்லாமல் போயிற்று. புவியியல் டீச்சர் தன் சொந்த நம்பரை அனுப்பினார். கொழுந்தன் வேலைக்குக் கிளம்பும் முன்பு மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வர ஆரம்பித்தார். என்ன பேசினார்கள் என்று டீச்சர் கேட்கவில்லை. நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, “அவங்க வீட்டுக்கு வரச் சொல்றாங்க அண்ணி. தனியா போனா நல்லா இருக்காது. நீங்க வர்றீங்களா?” என்று கேட்டார். டீச்சரும் அவரும் பஸ் ஏறி, இரண்டு ஊர் தள்ளிப் போனார்கள்.

புவியியல் டீச்சர் உயரமானவர். நெற்றி மட்டும் டீச்சருக்கு முன்பே அறிமுகம். அப்பா நிலஅளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தொலைக்காட்சியின் சத்தத்தை அவர்களுக்காகக் கொஞ்சம் குறைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். கொழுந்தனை மேலும் கீழும் ஒரு தரம் அளந்தார்.

“தம்பி, உங்களுக்கும் இவளுக்கும் எங்க பழக்கம்?”

“ஒரு பயிற்சியில சார்.”

“நீங்களும் டீச்சரா?”

“இல்ல சார். ஆஸ்பத்திரி லேப்ல வேலை.”

“அப்ப பயிற்சியில நீங்க என்ன பண்ணீங்க?”

டீச்சர் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தார். அதற்குள் கொழுந்தன் சொல்லிவிட்டார்.

“தூங்கிட்டிருந்தேன் சார்.”

அப்பா தொலைக்காட்சியை அணைத்தார். “என் சர்வீஸ்ல நான் போகாத ட்ரெய்னிங் இல்லை,” என்றார். “எல்லாரும் அதைத்தான் பண்ணுவோம். ஒத்துக்கிட்ட ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

டீ போடுகிறேன் என்று அவரே எழுந்து உள்ளே போனார். ஹாலில் இரண்டு பேரையும் விட்டுவிட்டு டீச்சரும் பின்னாலேயே போனார். அப்பா பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“பையன் எப்படிம்மா?”

டீச்சருக்குப் பதில் தயாராக இருந்தது. பொறுப்பானவர், கெட்ட பழக்கம் இல்லை, அதிர்ந்து பேசமாட்டார். வரிசையாகச் சொல்லலாம், அவர் எழுதிக்கொள்ளலாம். வாயைத் திறந்தவர் நிறுத்திக்கொண்டார்.

“நீங்களே பேசிப் பாருங்க சார்,” என்றார்.

“அதுவும் சரிதான்.” அப்பா டப்பாவைத் திறந்தார். “அவருக்குச் சர்க்கரை எவ்வளவு?”

“ரெண்டு ஸ்பூன்,” என்றார் டீச்சர். நாலு வருஷமாக அதைத்தான் போட்டுக் கொடுக்கிறார். “இருங்க சார், எதுக்கும் கேட்டுட்டு வந்துடறேன்.”

ஹாலுக்குப் போய்க் கேட்டார். “அரை ஸ்பூன் போதும் அண்ணி,” என்றார் கொழுந்தன். டீச்சர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். அடுப்படிக்குத் திரும்பினார். அதற்குள் அப்பா ஆளுக்கு ரெண்டு ஸ்பூன் போட்டு எல்லாத் தம்ளரையும் கலக்கிவிட்டிருந்தார்.